இருபத்தேழாவது கேள்வி

மூடிக் கிடந்த முலாம் தொழிற்சாலையின் மதில் சுவரில் அந்த அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனவர்கள், அதை ஒருவர்கூடப் படிக்கப்போவதில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். தெருவும் அவர்களை ஏமாற்றவில்லை. முதல் நாள் அதன் மேல் ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. இரண்டாம் நாள் அதன் ஓரத்தில் 'வீடு வாடகைக்கு' என்று ஒரு சீட்டு முளைத்தது. மூன்றாம் நாள் காலை, எதிரே சலவைக் கடை நடத்துகிறவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன் போய் நின்றாள். அன்று கடை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தது.

தெருவில் அவளுக்கு மனு அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு சரி. எரியாத தெருவிளக்கு, மூடாத பள்ளம், நினைத்தபோது வரும் குப்பை வண்டி என்று எதையும் விடாமல் இருபத்திரண்டு வருடங்களாக மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுதியதற்கெல்லாம் நகல் வைத்திருக்கிறாள். வந்த பதில் ஒன்றே ஒன்று: 'தங்கள் மனு கிடைக்கப்பெற்றது.' எந்த மனு என்று அதில் இல்லை.

"எல்லாரும் கிணத்துல கல்லைப் போடுவாங்க, இவ காகிதத்தைப் போடுறா," என்பார் அவள் கணவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். "கல்லாவது தொம்முனு ஒரு சத்தம் கொடுக்கும்."

அறிவிப்பில் இருந்தது இதுதான். குழாய்களுக்கும் சைக்கிள் கைப்பிடிகளுக்கும் பளபளவென்று முலாம் பூசிய அந்தத் தொழிற்சாலை மூடிப் பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. அங்கே மண்ணும் நிலத்தடி நீரும் குரோமியத்தால் கெட்டிருக்கின்றன. சுற்றுச்சூழல் துறை இரண்டு வருடம் ஆய்வு செய்து, எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரு வரைவுத் திட்டம் போட்டிருக்கிறது. திட்டம் நூலகத்தில் இருக்கிறது. பொதுமக்கள் முப்பது நாட்களுக்குள் கருத்து எழுதலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டமும் உண்டு. இவ்வளவும் வழக்கமான சங்கதி. கடைசி வரியைத்தான் அவள் மூன்று முறை படித்தாள்: 'பெறப்படும் ஒவ்வொரு கருத்துக்கும் சட்டப்படி எழுத்துமூலம் பதில் அளிக்கப்படும்.'

அன்று மாலையே நூலகத்துக்குப் போனாள். நூலகர் மேசைக்கடியிலிருந்து இரண்டு தடித்த தொகுதிகளைத் தூக்கி வைத்தார்.

"இதைக் கொண்டுவந்து வச்சவர், 'யாராவது கேட்டா கொடுங்க'ன்னாரு. கேக்குறதுக்கு ஒரு ஆள் வரும்னு அவருக்கே நம்பிக்கை இல்ல போல," என்றார்.

"நான் வந்துட்டேன்ல, கொடுங்க," என்றாள்.

கடையை மூடியபின் ஒரு மணி நேரம் என்று பன்னிரண்டு மாலைகள் படித்தாள். பாதி புரியவில்லை. புரியாததை அப்படியே கேள்வியாக எழுதிக்கொண்டாள். போன வருடம் கோடை முழுக்க மதிலுக்குள் துளை போட்டுக்கொண்டிருந்தவர்களைத் தெருவில் எல்லோரும் அடுக்குமாடி கட்ட வந்தவர்கள் என்றுதான் நினைத்திருந்தார்கள். அவர்கள் மண்ணை எடுத்துச் சோதித்தார்கள் என்பதும், அங்கங்கே நிற்கும் மூடி போட்ட குழாய்களுக்குக் கண்காணிப்புக் கிணறு என்று பெயர் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. முதல் தொகுதியின் நடுவில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் நீல அம்புகள் எல்லாம் கிழக்கே பார்த்தன. கெட்ட நீர் கிழக்கே போகிறது, கிழக்கே ரயில்வே யார்டு, வீடுகள் இல்லை. ஆகவே கிழக்கு மூலையில் மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டு, நல்ல மண் கொட்டி மூடினால் போதும் என்பது திட்டம்.

அவள் கடை மேற்கே இருந்தது.

கடைசியில் நாற்பத்தொரு கேள்விகள் சேர்ந்தன. கணவர் சாப்பாட்டு மேசையில் அவற்றை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்ணாம் நம்பர், தெருநாய். ரெண்டாம் நம்பர், தெருவிளக்கு. ஏம்மா, அவங்க மண்ணைப் பத்திக் கேட்டா நீ நாயைப் பத்திச் சொல்றே?"

"அந்த நாய்ங்க அந்த மண்ணுலதானேங்க படுத்திருக்கு?"

அவர் பக்கத்தைத் திருப்பி இருபத்தேழாவதில் நின்றார். "இது பழைய சங்கதியாச்சே. அந்த மஞ்சள் தண்ணி. இதைத்தான் மூணு ஆபீசுக்கு எழுதிட்டியே?"

"எழுதினேன். பதில் வரல. இவங்க கொடுக்கிறேன்னு சொல்றாங்கல்ல, கொடுக்கட்டும்."

அந்த விஷயத்தில் அவளுக்கே பெரிய நம்பிக்கை இல்லை. அதனால்தான் இருபத்தேழாவது இடம். மறுநாள் பத்து மணிக்கு அவளுடைய அண்ணன் வழக்கம்போல டீ குடிக்கக் கடைக்கு வந்தபோது அவரிடமும் பட்டியலைக் காட்டினாள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அண்ணன் பம்பு செட் பழுது பார்க்கிறவர். தொழிற்சாலை ஓடிய நாட்களில் பதினொரு வருடம் அங்கே ஃபிட்டராக இருந்தவர். தங்கையின் மனுக்களைக் கேலி செய்வதில் மாப்பிள்ளையையும் மிஞ்சியவர். அன்று கேலி செய்யவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இருபத்தேழை எடுத்துடு."

"ஏன்?"

"நாப்பத்தொண்ணு ராசியில்லாத நம்பர். நாப்பதா வச்சுக்கோ."

"உனக்கு எப்பலேருந்து ராசி?" என்று சொல்லிவிட்டு அவள் உறையை ஒட்டினாள்.

*

துறை அலுவலகத்தில் அந்த உறையைப் பிரித்தவர், திட்டத்தை எழுதிய மண் ஆய்வு அதிகாரி. நாற்பது வயதுக்காரர், நிதானமானவர். இதற்கு முன் ஐந்து இடங்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறார். ஐந்துக்கும் சேர்த்து வந்த கருத்துகள் ஏழு. அதில் இரண்டு, தவறான முகவரிக்கு வந்தவை. இப்போது ஒரே கையெழுத்தில் பதினான்கு பக்கம் இருந்தது. எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவியிடம் போனார்.

"மேடம், இதுல பாதி நம்ம வேலையே இல்ல. நாய், விளக்கு, குப்பை வண்டி. முக்கியமான நாலஞ்சுக்கு மட்டும் பதில் எழுதிடவா?"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சட்டத்துல என்ன போட்டிருக்கு?"

"ஒவ்வொரு கருத்துக்கும்னு போட்டிருக்கு."

"நல்ல கருத்து ஒவ்வொண்ணுக்கும்னு போட்டிருக்கா?"

"இல்லங்க மேடம்."

"அப்புறம் என்ன? உக்காந்து எழுதுங்க."

உட்கார்ந்து எழுதினார். எழுத எழுத அவருக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது. நாய்களைப் பற்றிய கேள்விக்கு, தோண்டிப் போடும் மண் குவியல்களைச் சுற்றி வேலி அமைக்கப்படும் என்று எழுதினார். உண்மையில் அதை அவர்கள் யோசித்திருக்கவே இல்லை. லாரிகள் எந்த வழியாகப் போகும் என்பது பதினெட்டாவது கேள்வி. திட்டத்தில் அவை பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போயின. அதைச் சிவப்பு மையால் அடித்து, ரயில்வே பாதை வழியாக மாற்றினார். இருபத்தாறு வரை இரண்டு நாளில் முடிந்தது.

இருபத்தேழு இப்படி இருந்தது: 'உங்கள் வரைபடத்தில் நிலத்தடி நீர் கிழக்கே போகிறது. என் கடை மேற்கே இருக்கிறது. அப்படியானால் எட்டு வருடங்களுக்கு முன் என் கிணற்று நீரில் துவைத்த வெள்ளைத் துணிகள் மழைக்காலத்தில் மட்டும் ஏன் மஞ்சளாயின? கோடையில் ஏன் ஆகவில்லை?'

'இது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது' என்று எழுதிவிட்டு அடித்தார். 'வரைபடத்தின்படி இதற்கு வாய்ப்பில்லை' என்று எழுதிவிட்டு அதையும் அடித்தார். வரைபடத்தைப் போட்டவரே அவர்தான். குரோமியம் தண்ணீரில் அதிகமாகக் கரைந்திருந்தால் என்ன நிறம் என்பது அவருக்குத் தெரியும். அவர்கள் நீர் மாதிரி எடுத்தது இரண்டு வருடமும் கோடையில்தான் என்பதும் தெரியும். மழையில் சேறாகும் என்று லாரி உள்ளே வராததால் கோடையில் எடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு வாரமாக மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

*

சலவைக் கடையில் இரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. மருத்துவமனைப் போர்வைகள் ஒரு பக்கம், ஹோட்டல் மேசை விரிப்புகள் ஒரு பக்கம் என்று மலையாகக் குவிந்திருந்தன. நனைந்தபடி உள்ளே வந்தவரை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"துணி கொடுக்கவா, வாங்கவா?"

"பதில் கொடுக்க வந்தேன். இருபத்தேழுக்கு."

அவள் கையிலிருந்த போர்வை நழுவியது. "நேர்லயா?"

"எழுதத்தான் பார்த்தேன். வரல. அந்தக் கிணத்தை ஒருவாட்டி பார்க்கலாமா?"

அதற்கு முன் ஒரு பொருளைக் காட்ட வேண்டும் என்று அவள் உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்தாள். ஹோட்டல்காரர் திருப்பி அனுப்பியது. வெள்ளையாக இருக்க வேண்டிய துணியில் பழுத்த எலுமிச்சையின் நிறம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது.

"எட்டு முறை துவைச்சேன். போகல. சோப்பை மாத்தினேன், மிஷினை மாத்தினேன். வாடிக்கையாளர் பாதிப் பேர் போயிட்டாங்க. அப்புறம்தான் மழைக்கும் இதுக்கும் ஒரு சொந்தம் இருக்குன்னு பிடிபட்டுச்சு. கிணத்தை மூடிட்டு குழாய்த் தண்ணிக்கு மாறிட்டேன். மூணு ஆபீசுக்கு எழுதினேன்."

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? செவிடன் காதுல சங்கு."

"இந்தத் தண்ணியை யாராவது குடிச்சீங்களா?"

"அதோட வாடையே பிடிக்காது. ஆரம்பத்துலேருந்து குடிக்கக் குழாய்த் தண்ணிதான்."

அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

பின்கட்டில் கிணற்றை மூடியிருந்த இரும்புத் தகட்டை இருவருமாக நகர்த்தினார்கள். அவர் கையுறை மாட்டிக்கொண்டு, கயிற்றில் கட்டிய குப்பியை இறக்கித் தூக்கினார். கண்ணாடிச் சீசாவில் ஊற்றி வெளிச்சத்துக்குக் காட்டினார். இளமஞ்சள். அதிலிருந்து சிறிது எடுத்து ஒரு சின்னக் குழாயில் விட்டு, மருந்துத் தூளைப் போட்டுக் குலுக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது.

"அழகாத்தான் இருக்கு," என்றாள் மனு அக்கா. "நல்லதா கெட்டதா?"

"கெட்டது. குரோமியம். நீங்க எட்டு வருஷமா சொல்லிட்டிருந்தது சரி." அவர் கொஞ்சம் தயங்கினார். "எங்க வரைபடம்தான் தப்பு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு அலுவலகத்தின் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வரும் என்று அவள் எதிர்பார்த்ததே இல்லை. அந்தக் கத்தரிப்பூ நிறத்தை இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். பிறகு, "தலையைத் துவட்டிக்கோங்க, துண்டுக்கு இங்க பஞ்சமில்ல," என்றாள்.

அவர் தெருவில் இருந்த மற்ற நான்கு கிணறுகளையும் பார்த்தார். அதில் ஒன்றும் மஞ்சள். நல்லவேளையாக அதையும் தோட்டத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தினார்கள். மறுநாளே அதற்கும் பூட்டு விழுந்தது. மனு அக்காவையும் கணவரையும் துறையே மருத்துவரிடம் அனுப்பியது. இரண்டு பேர் ரத்தத்திலும் குறை ஒன்றும் இல்லை. "எனக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடுதலாம்," என்றார் டிரைவர். "அதுக்கும் இந்தத் தொழிற்சாலைதான் காரணம்னு நாப்பத்திரண்டாவதா எழுதிடு."

*

பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு இந்தத் துறையின் வழக்கப்படி ஆறு பேர் வருவார்கள். அன்று எண்பத்து மூன்று பேர் வந்தார்கள். அந்த வாரம் கடையிலிருந்து போன ஒவ்வொரு துணிக் கட்டிலும் மனு அக்கா ஒரு சீட்டைக் குத்தி அனுப்பியிருந்தாள்: 'வெள்ளி மாலை ஆறு மணி, பள்ளிக்கூடம். உங்கள் தெரு, உங்கள் தண்ணீர்.' பெரியவர்கள் ஐந்தாம் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார இடமில்லாமல் தவித்தார்கள். பேசுவதையெல்லாம் பதிவு செய்ய ஒரு சுருக்கெழுத்தர் மேடை ஓரத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

மனு அக்கா தலையணை உறையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நடந்ததைச் சொன்னாள். அதிகாரி எழுந்து, அவள் சொன்னது உண்மை, சோதனையில் உறுதியாகிவிட்டது என்றார். அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"ஆனா இது மேற்கே எப்படி வந்துச்சுன்னு எங்களுக்குப் புரியல," என்றார். "தொழிற்சாலையோட பழைய பிளான்ல ஒரே ஒரு கழிவுநீர்க் குழாய்தான் இருக்கு. அது கிழக்கே போகுது. உங்கள்ல யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. தெரியாம நாங்க தோண்டினா, வருஷக் கணக்குல தோண்டிக்கிட்டே இருப்போம்."

கடைசிப் பெஞ்சில் ஒரு ஆள் எழுந்து நின்றார். மனு அக்கா திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அண்ணன்.

"ரெண்டு குழாய் இருக்கு," என்றார் அவர். "ஒரு மழைக்காலத்துல கிழக்குக் குழாய் அடைச்சுக்கிச்சு. தொட்டி நிரம்பி வழிஞ்சுது. மேனேஜர், 'ஒரு வாரத்துக்கு மட்டும் எப்படியாவது வெளிய விடுங்க'ன்னாரு. மேற்குச் சுவருக்கு அடியில தூர்ந்துபோன பழைய வாய்க்கால் ஒண்ணு இருந்துச்சு. நாங்க மூணு பேர் சேர்ந்து குழாய் போட்டு அதுல திருப்பிவிட்டோம். அந்த ஒரு வாரம் ஆறு வருஷமாச்சு."

"ஏன்யா இத்தனை நாளா வாயைத் திறக்கல?" என்று யாரோ கேட்டார்கள்.

"பயம். நான்தானே வெட்டினேன், என்னைத்தானே பிடிப்பாங்க? இது என் தங்கச்சி கிணத்துக்குப் போகும்னு சத்தியமா அப்பத் தெரியாது. துணி மஞ்சளானப்பத்தான் சந்தேகம் வந்துச்சு. அவ கிணத்தை மூடிட்டா. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

மனு அக்கா கையில் இருந்த உறையை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

பிரிவுத் தலைவி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடுறேன். சட்டம் தேடுறது உத்தரவு போட்ட கம்பெனியை. மண்வெட்டி பிடிச்ச கையை இல்ல. கம்பெனி பேர் மாறி வேற இடத்துல இன்னும் நல்லாத்தான் ஓடிட்டிருக்கு. உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்."

"எந்தத் தண்ணியை, இந்தத் தண்ணியையா?" என்று டிரைவர் தன் இடத்திலிருந்தே கேட்டார். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அரங்கம் வெடித்துச் சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்காமல் நின்றார். சுருக்கெழுத்தர் கடைசிப் பெஞ்சுவரை நடந்து வந்து, "தொழில் என்னன்னு போடட்டும்?" என்று கேட்டார்.

"பம்பு மெக்கானிக்."

"நல்லா நிறுத்திப் பேசினீங்க. எழுதச் சுலபமா இருந்துச்சு," என்றார் சுருக்கெழுத்தர்.

*

அடுத்த இரண்டு நாள் பத்து மணிக்கு அண்ணன் கடைக்கு வரவில்லை. மனு அக்காவும் கூப்பிடவில்லை. எட்டு வருடமாகத் தன் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, தான் சோப்பு மாற்றியதையும் மிஷின் மாற்றியதையும் கேலி செய்த ஆள். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இஸ்திரிப் பெட்டியை வழக்கத்தைவிட அழுத்திப் பிடித்ததில் ஒரு மேசை விரிப்பு கருகிப்போனது.

மூன்றாம் நாள் காலை மதிலுக்குள் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். சேற்றில் முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் நடந்துகொண்டிருந்தார். பின்னால் அதிகாரியும் இரண்டு பேரும். அண்ணன் சுவரிலிருந்து காலடி வைத்து எண்ணி, ஓரிடத்தில் நின்று, கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைக் கோடாகத் தூவினார். நாலு நடை, மறுபடி கோடு. கடைசியில் ஒரு இடத்தைக் காட்டினார். தோண்டினார்கள். ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே குழாயின் வாய் தெரிந்தது. கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

"ஒரு சாண்தான் பிசகு!" என்று அதிகாரி கத்தினார். "இருபத்துநாலு வருஷம் கழிச்சு!"

அண்ணன் நிமிர்ந்தபோது மதிலுக்கு மேல் தங்கையின் தலையைப் பார்த்துவிட்டார்.

"முடிஞ்சுது உனக்கு," என்றாள் அவள். "எனக்கு எட்டு வருஷம் முடியல."

"தெரியும்."

"சோப்பை மாத்துன்னு நீதானே சொன்னே? அந்த நாத்தம் பிடிச்ச சோப்பு!"

"நான்தான் சொன்னேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "திட்டிக்கோ. எவ்வளவு நேரம் வேணும்னாலும் திட்டு."

அவளும் விடவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அதிகாரியும் ஆட்களும் வேறு எங்கோ பார்ப்பதுபோல நிற்க, கால் மணி நேரம் திட்டினாள். சிறுவயதில் அவர் தன் பென்சில் பெட்டியைத் தொலைத்தது வரைக்கும் போனாள். மூச்சு வாங்க நிறுத்திவிட்டு, "பத்து மணிக்கு வா. அந்தக் காலைக் கழுவிட்டு வா," என்றாள்.

*

புது உண்மை வந்துவிட்டதால் பழைய திட்டம் செல்லாது என்று துறை அறிவித்தது. மேற்குப் பக்கம் புதிதாக ஒன்பது கண்காணிப்புக் கிணறுகள் போட்டார்கள். ஐந்து மாதத்தில் திருத்திய திட்டம் வந்தது. மறுபடி முப்பது நாள் கருத்துக்கு. இந்த முறை தொகுதிகள் நூலக மேசைக்கடியில் தூங்கவில்லை. நூலகர் வரிசை எண் கொடுக்க வேண்டியிருந்தது. மனு எப்படி எழுதுவது என்று கேட்டுக் கடைக்கு வந்தவர்களுக்கு, "ஒரு கேள்விக்கு ஒரு நம்பர். கோபத்தைக் கடைசிப் பக்கத்துல வச்சுக்கோங்க," என்று அக்கா சொல்லிக் கொடுத்தாள்.

புதிய திட்டத்தில் பழைய வாய்க்காலைத் தோண்டி எடுப்பது ஒரு பாதி. மறுபாதியைப் படித்துவிட்டுத் தெருவே மூக்கில் விரலை வைத்தது. ஆழத்தில் தண்ணீரோடு கலந்துவிட்ட குரோமியத்தைத் தோண்டி எடுக்க முடியாது. ஆகவே துளைகள் வழியாகச் சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகை நிலத்துக்குள் செலுத்துவார்கள். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பாகைத் தின்று பெருகும். அவை பெருகும்போது, மஞ்சளாக ஓடித் திரியும் நச்சுக் குரோமியம் நகராத, அவ்வளவாகத் தீங்கில்லாத பச்சையாக மாறி மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும்.

"பூமிக்கே இனிப்பு ஊட்டப் போறாங்களாம்," என்றார் டிரைவர். "எனக்கு மட்டும் டாக்டர் கூடாதுங்கிறாரு."

நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள் வந்தன. அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். கருத்துகளும் பதில்களுமாக ஒரு புத்தகமே வந்தது. மனு அக்கா அதைக் கடையில் சத்தமாக வாசித்தாள். துணி வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகாமல் நின்று கேட்டார்கள். எல்லோருக்கும் பிடித்தது ஐம்பத்து மூன்றாவது. முடிதிருத்துபவர் கேட்டிருந்தார்: 'சர்க்கரைப் பாகு ஊற்றினால் எங்கள் வீடுகளுக்கு எறும்பு வராதா?' அதற்குக் கீழே துறையின் முத்திரைத் தாளில் பதில்: 'பாகு ஒன்பது மீட்டர் ஆழத்தில் செலுத்தப்படும். அந்த ஆழத்துக்கு எறும்புகள் வருவதில்லை என்று பூச்சியியல் வல்லுநர் ஒருவரைக் கேட்டு உறுதி செய்துகொண்டோம். ஆயினும் வேலை நடக்கும் இடத்தில் சிந்தும் பாகு அன்றன்றே கழுவப்படும்.'

"எனக்காக ஒரு வல்லுநரைக் கேட்டிருக்காங்க!" என்று முடிதிருத்துபவர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

வேலை பதினாறு மாதம் நடந்தது. லாரிகள் ரயில்வே பாதை வழியாகத்தான் போயின. மண் தூசு பறக்காமல் தண்ணீர் தெளித்தார்கள். ஒருநாள் தெளிக்க மறந்தபோது அதிகாரியின் தொலைபேசி ஒரே மணி நேரத்தில் இருபத்தாறு முறை அடித்தது. வேலை முடிந்தபின்னும் கிணறுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். மூடிகளைப் பார்த்துக்கொள்ள, பம்பு இறக்க, உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அண்ணனை வேலைக்கு வைத்தார்கள். மேற்குப் பக்கத்து ஒன்பது கிணறுகளையும் அவர் பிள்ளைகளைப்போலப் பார்த்துக்கொண்டார். எந்தக் கிணற்றின் எண் என்ன என்று கேட்டால், கேட்காத கிணற்றின் கதையையும் சேர்த்துச் சொன்னார்.

முதல் மழைக்காலத்தில் மஞ்சள் பாதியாகக் குறைந்தது. அடுத்ததில், கண்ணுக்குத் தெரியவில்லை; மருந்துத் தூள் போட்டால் மட்டும் லேசாக நிறம் காட்டியது. மூன்றாவது மழைக்காலத்தில் எடுத்த மாதிரிகளின் முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தது. அதிகாரி முதலில் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே தெருவில் ஓடி வந்தார்.

"ஒண்ணும் இல்ல!" என்று கடை வாசலில் நின்று கத்தினார். "ஒண்ணுமே இல்லையாம்!"

"என்ன ஒண்ணும் இல்ல?" என்று பதறிப்போய் வந்தாள் மனு அக்கா.

"தண்ணியில! ஒன்பதுலயும்! அனுமதிச்ச அளவுக்கும் கீழ, எத்தனையோ கீழ!"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கப் பக்கத்தில் இருந்த மருத்துவமனைப் போர்வையின் நுனியை எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் கணவரின் பேருந்து திரும்பியது. அங்கே நிறுத்தம் கிடையாது. அண்ணன் நடுத்தெருவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். பேருந்து நின்றது.

"என்ன மச்சான், உயிரோட இருக்க ஆசையில்லையா?" என்று டிரைவர் தலையை நீட்டினார்.

"மாப்பிள்ளை, தண்ணியில ஒண்ணும் இல்ல!"

"என்னாச்சு?" என்று பேருந்துக்குள்ளிருந்து பலர் கேட்டார்கள்.

"தண்ணி இல்லையாம்," என்றார் முன்னிருக்கையில் இருந்த காது மந்தமான ஒருவர் கவலையோடு.

"தண்ணி இருக்குங்க! அதுல ஒண்ணும் இல்ல!" என்று வாசலிலிருந்து மனு அக்கா கத்தினாள்.

டிரைவர் ஒரு நொடி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, ஹாரனை நீளமாக அழுத்தினார். என்ன ஏது என்று முழுதாகப் புரியாவிட்டாலும் இது சந்தோஷமான சேதி என்று பயணிகளுக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒருவர் கை தட்ட, பேருந்து முழுக்கத் தட்டியது. கைக்குழந்தை ஒன்று அலறியது. மனு அக்கா சிரித்துக்கொண்டே கையை ஆட்டி, போங்க, போங்க, நேரமாகுது என்று ஜாடை காட்டினாள். அண்ணன் வழிவிட்டு ஒதுங்கினார். பேருந்து நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பிப் போனது.